பீலிக்குப் பூட்டு

"எட்டிலயும் பதினேழோ?"

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி சுத்தமானதில் பதினேழு இன்னும் துலக்கமாகத் தெரிந்ததே தவிர, வேறு எண்ணாக மாறவில்லை.

முன்பு தோட்டத்துக் குழந்தைகளைத் தொட்டில் கட்டிப் பார்த்துக்கொண்ட பிள்ளைக் காம்பரா அது. இப்போது அங்கே எட்டுக் கம்பியூட்டர்கள் இருந்தன. அவற்றின் முன்னால் எட்டுப் பெண்கள். மலையிலிருந்து இறங்கி, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்து வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களிடம் அம்பலவாணர் கேட்டது சின்ன விஷயம்தான். ஆளுக்கு ஒரு மாறி எடுத்து அதற்குக் 'கிலோ' என்று பெயர் வைக்க வேண்டும். தனக்குப் பிடித்த ஓர் எண்ணை அதில் போட வேண்டும். பிறகு 'காட்டு கிலோ' என்று அடித்தால், போட்ட எண் திரையில் வர வேண்டும்.

எட்டுப் பேரும் எட்டு எண் போட்டார்கள். எட்டுத் திரையிலும் பதினேழு வந்தது.

"கடைசியா அடிச்சது ஆர்?"

"நாந்தாங்க," என்று கையைத் தூக்கினாள் பாக்கியலெட்சுமி. எட்டுப் பேரில் மூத்தவள் அவள்தான்.

"நீங்கள் போட்டது எத்தினை?"

"பதினேழுங்க."

"அப்ப மற்ற ஏழு பேரும் போட்டது எங்கை போச்சுது?"

"அது போயிருச்சுங்க," என்றாள் பாக்கியலெட்சுமி, ஆறரை மணி பஸ்ஸைப் பற்றிச் சொல்வதைப்போல.

அம்பலவாணர் தானே ஒரு கீபோட்டை இழுத்து ஏதோ அடித்தார். அதில் ஓர் எழுத்துப் பிழை விழுந்துவிட்டது. உடனே எட்டுத் திரையிலும் ஒரு வரி ஓடியது: 'வெளங்கல யசோ. இன்னொருக்கா சொல்லு.'

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"ஆரது யசோ?"

"நாந்தான் சார்," என்றாள் யசோதினி. அந்த வகுப்பின் ஆசிரியை அவள். "மொத மொத இதை நாந்தான் ஓட்டிப் பாத்தேன். நிமலன் அப்பிடியே எழுதி வச்சுட்டாரு."

அம்பலவாணர் பெருமூச்சு விட்டார். பதுளையிலிருந்து வந்து, வேன் ஏறாத பாதையில் நடந்து, காலில் அட்டைக் கடியோடு நின்ற மனிதர். தோட்டத்துக் கணினி வகுப்புகளெல்லாம் அவர் பொறுப்பு.

"இது மொழியில்லைப் பிள்ளை. தொற்று வியாதி. ஒருத்தருக்கு வந்தால் எல்லாருக்கும் வருது. நான் வாற கிழமை திரும்பி வருவன். அதுக்கிடையில இது திருந்த வேணும். இல்லாட்டி உந்தப் பீலியை அழிச்சுப்போட்டு, ஆயத்தமாக் கிடக்கிற இங்கிலிஸ் மென்பொருள் பொதியை எட்டிலயும் ஏத்திவிடுவன். குறை நினையாதையும்."

குறை நினைக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. காலைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

பீலி என்பது, யசோதினியோடு சேர்ந்து இந்த வகுப்பைத் தொடங்கிய நிமலன் வைத்த பெயர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற குழாய்க்குத் தோட்டத்தில் பீலி என்று பேர். எல்லா வீட்டுக்கும் அந்த ஒன்றுதான். தமிழில் ஒரு வரி எழுதினால் அதை அந்தக் கணமே வாசித்துச் செய்துகாட்டுகிற இன்டர்பிரிட்டர் ஒன்றை நிமலன் தனியாளாக உட்கார்ந்து எழுதி முடித்தபோது, அதற்கும் அதே பெயரை வைத்தான். திரைகள்தான் எட்டு. உள்ளே, மூலையிலிருந்த ஒரே இயந்திரத்தில், ஒரே ஒரு பீலிதான் ஓடியது. யார் எந்தத் திரையிலிருந்து எந்தப் பெயரில் எதைப் போட்டாலும் அது ஒரே பொதுத் தொட்டியில் போய் விழும். இயந்திரத்தை அணைத்தால் தொட்டி காலி. தடயமே இருக்காது.

யசோதினி இதை அப்போதே அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஒருத்தர் மாத்தினா எல்லாருக்கும் மாறுது நிமல். இது பிழை."

"லயத்துப் பீலியில ஆளுக்கொரு தண்ணியா வருது?" என்று கேட்டுவிட்டு, வகுப்பு முடிந்த பெண்களோடு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டான். சோம்பேறித்தனம் என்று அவள் நினைத்தாள். அதைச் சொல்லிச் சண்டை போடவும் இருந்தாள். போன மாரியில் பாதை சரிந்த அன்று அவன் அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தான். சண்டை பாக்கியாகிவிட்டது.

இப்போது அவன் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த 'வெளங்கல யசோ'தான். சில காலைகளில், யாரும் வரும் முன்பே போய், வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிழையாக அடிப்பாள். பீலி பதில் சொல்லும். அவள் மேசையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அதை அழிக்க ஒருவர் வருகிறாராம். வரட்டும், பார்க்கலாம் என்று அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"விடுங்க டீச்சர்," என்றாள் பாக்கியலெட்சுமி. "அவரு சொல்றாருன்னு நீங்க ஏன் மாத்தணும்?"

"எங்களுக்கு இது பழகிப்போச்சு," என்றாள் விதுஷா. தோட்டத்து மூன்று மலைகளில் மேலே இருக்கும் மேமலைக்காரி அவள். "ஒண்ணா இருந்தா என்னா கொறஞ்சுபோச்சு?"

நிமலன் செய்த பிழையைக்கூடப் பிழை என்று சொல்ல இவர்களுக்கு மனசு வரவில்லையே என்று யசோதினி நினைத்தாள். அப்படிப்பட்டவர்களுக்காகவாவது இதைத் திருத்தியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

வாசலில் நாற்காலி கிறீச்சிட்டது. கணக்கப்பிள்ளை ரெங்கசாமி தூக்கம் கலைந்து நிமிர்ந்தார்.

"என்னா பேச்சு அங்க? பாடமா, வேற எதுவுமா?"

"பாடந்தாங்க ஐயா," என்றார்கள் எட்டுப் பேரும்.

தோட்டத்தை நடத்தும் துரை இந்தக் காம்பராவைக் கொடுத்தபோது வைத்த நிபந்தனை அது. மூன்று மலையைச் சேர்ந்த பெண்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அது வகுப்பா கூட்டமா என்று துரைக்கு எப்போதும் சந்தேகம். அதனால் வகுப்பு நடக்கும்போதெல்லாம் கணக்கப்பிள்ளை வாசலில் இருக்க வேண்டும், பாடத்தைத் தவிர வேறு பேச்சு எழக்கூடாது. தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் முதல் ஆள் ரெங்கசாமிதான். பெண்கள் அதில் சாமி படமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டுமே போட்டார்கள்.

"டீச்சரம்மா, நீங்க மெஷின் படிச்சவங்க. தராசு பத்தி ஏதும் தெரியுங்களா?" என்று ரெங்கசாமி கேட்டார். "கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசுல என்னமோ கோளாறு. பதுளைக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒண்ணுமில்லன்னு திருப்பிக் குடுத்துட்டான். அரிசி மூட்டைய மாட்டினா ஒழுங்கா காட்டுது. கொழுந்த மாட்டினாத்தான் மக்கர் பண்ணுது. தராசு பிழைன்னா யாருக்கும் அரைப்பேருன்னு அரைச் சம்பளம் போட முடியாது. கிலோ கொறஞ்சாலும் முழுப்பேரு, முழுச் சம்பளம். யூனியன்ல பேசி வச்ச வழக்கம். துரை என் தலையில ஏறி ஒக்காந்திருக்காரு."

"தராசு எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"உங்களுக்காவது ஒரு மெஷின். எனக்குத் தராசும் துரையும்," என்று அவர் மறுபடி கண்ணை மூடினார்.

முதல் வைத்தியத்தை யசோதினி மறுநாளே செய்தாள். யோசனை எளிமையானது. எந்தத் திரையிலிருந்து எந்தப் பெயர் வந்தாலும், அந்தத் திரையின் எண்ணை அந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுவது. பாக்கியலெட்சுமியின் கிலோ 'ஒன்று-கிலோ' ஆகும், விதுஷாவின் கிலோ 'இரண்டு-கிலோ' ஆகும். அப்புறம் எப்படி ஒன்றோடொன்று கலக்கும்?

கலக்கவில்லைதான். ஆனால் நிமலன் 'காட்டு', 'கூட்டு' போன்ற கட்டளைகளையும் அதே பொதுத் தொட்டியில்தான் போட்டு வைத்திருந்தான். முதல் திரை அவற்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மற்ற ஏழு திரைகளும் 'காட்டு' என்றால் என்னவென்றே தெரியாத குழந்தைகளாயின.

'வெளங்கல யசோ' என்றது இரண்டாம் திரை. 'வெளங்கல யசோ' என்றது மூன்றாம் திரை. ஏழு திரைகள் மாறி மாறிச் சொல்ல, பெண்கள் எழுந்து முதல் திரையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"எனக்கும் அடிக்கக் குடு பாக்கியக்கா."

"தள்ளுடி, மூச்சு முட்டுது."

ரெங்கசாமி நாற்காலியோடு துள்ளினார். "என்னா கூட்டம்? கூட்டம் போடக்கூடாதுன்னு துரை சொன்னாரா இல்லையா? பிரிஞ்சு நில்லுங்க! ஏய் பாக்கியம், நீ தலைவியா?"

"தலைவியெல்லாம் இல்லீங்க. இந்த மெஷினுக்குத்தான் காட்டத் தெரியுது."

யசோதினி அந்த மாற்றத்தைக் கழற்றி எறிந்தாள்.

இரண்டாவது வைத்தியம் இன்னும் சுலபமாகத் தோன்றியது. ஒருவர் வேலை முடிந்ததும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது. ஒருவர் போட்டது அடுத்தவர் வரும்போது இருக்காது.

அதைப் போட்டாள். விதுஷா ஒரு கணக்குப் போட்டு முடித்தாள். தொட்டி கவிழ்ந்தது. கவிழ்ந்ததில், 'எழுத்து தமிழில் வரட்டும்' என்று நிமலன் பீலி முழுவதற்கும் பொதுவாக வைத்திருந்த அமைப்பும் சேர்ந்து போய்விட்டது. எட்டுத் திரையிலும் தமிழ் மறைந்து கேள்விக்குறிகள் முளைத்தன. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"என்னாங்க டீச்சர், எல்லாத்துக்கும் நம்மளயே கேள்வி கேக்குது?" என்றாள் விதுஷா.

ரெங்கசாமி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "துரையும் இப்பிடித்தான். பதிலே சொல்ல மாட்டாரு."

யசோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. பிழையாக ஓர் எழுத்தை அடித்துப் பார்த்தாள். '?????? ???' என்று வந்தது. பழையதை மீட்டு, தமிழ் வந்து, பீலி 'வெளங்கல யசோ' என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். பழைய பிரதி ஒன்றை வேறாக எடுத்துப் பத்திரப்படுத்தியும் வைத்தாள்.

"நாங்க சொல்றதைக் கேளுங்க டீச்சர். நிமலன் சாரு செஞ்சபடியே இருக்கட்டுமே," என்றாள் பாக்கியலெட்சுமி.

"இல்லக்கா. இதைத் திருத்திக் காட்டாம நான் விடமாட்டேன்."

பாக்கியலெட்சுமி விதுஷாவைப் பார்த்தாள். விதுஷா கூரையைப் பார்த்தாள்.

மூன்றாவது வைத்தியம் பூட்டு. ஒருவர் தொட்டியைத் தொடும்போது மற்றவர்கள் தொட முடியாது. வேலை முடிந்ததும் அவர் 'விட்டேன்' என்று அடிக்க வேண்டும், அப்புறம் அடுத்தவர். வரிசையாக, ஒழுங்காக, லயத்துப் பீலியடியில் குடம் வைப்பதைப்போல.

அன்று விதுஷா முதலில் பூட்டை எடுத்தாள். கணக்கைப் போட்டாள். அதற்குள் மேலேயிருந்து யாரோ அவள் பிள்ளை விழுந்துவிட்டான் என்று கூப்பிட, எழுந்து ஓடிவிட்டாள். 'விட்டேன்' என்று அடிக்கவில்லை.

ஏழு திரையும் கல்லாய் உறைந்தன. விதுஷாவின் திரையைத் தொடலாம் என்றால், அவள் போகிற வேகத்தில் வயர் சேலையில் மாட்டி, அது செத்துக் கிடந்தது. மூலை இயந்திரத்தை அணைத்தால் போட்ட கணக்கெல்லாம் அழியும். பூட்டு உள்ளே, சாவி மேமலையில்.

"போன் அடிங்க."

"மேமலையில எங்க சிக்னல்?"

"பீலிக்குப் போயி பூட்டுப் போட்டீங்களே டீச்சரம்மா," என்று ரெங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். "லயத்துல இதைச் செஞ்சிருந்தா வெட்டுக்குத்து வந்திருக்கும்."

"இப்ப என்னாங்க பண்றது?"

"நீங்க யாரும் அசையாதீங்க. வகுப்ப விட்டு மலைக்கு ஆள் அனுப்பினா துரை என்னைத்தான் கேப்பாரு. நானே போறேன்."

குடையை விரித்துக்கொண்டு படியேறினார். "ஏ விதுஷா! 'விட்டேன்'னு சொல்லிட்டுப் போ! விட்டேன்னு சொல்லு!" என்று அவர் கத்திக்கொண்டு போனது வளைவு தாண்டியும் கேட்டது. புருஷனை விட்டுவிடச் சொல்கிறார் என்று லயத்தில் சிலர் நினைத்ததாகப் பின்னால் தெரியவந்தது.

அவர் தலை மறைந்ததும் காம்பரா குளவிக்கூடு கலைந்ததைப்போல இரைந்தது.

"பதினஞ்சு போதும்."

"பதினஞ்சா? மேமலையில பதினெட்டு வருதே."

"மேமலையில வந்தா ஆச்சா? கீழ என்னா செய்யிறது?"

ஆள் பார்க்காத நேரத்திலும் பாடத்தைத்தான் பேசுகிறார்கள் என்று யசோதினிக்கு மனம் குளிர்ந்தது. "சத்தமில்லாம பேசுங்க, ஆனா பேசுங்க," என்றாள். ரெங்கசாமி விதுஷாவோடும், முழங்காலில் சிராய்ப்போடிருந்த பிள்ளையோடும் திரும்பியபோது, ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

பூட்டும் போயிற்று.

மிச்சமிருந்தது ஒரே வழி. கஷ்டமான வழி, ஆனால் சரியான வழி. பொதுத் தொட்டியையே எடுத்துவிட வேண்டும். பீலிக்குள் வந்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கூடை கொடுத்து, அவர் வைக்கும் பெயர்களெல்லாம் அந்தக் கூடைக்குள்ளேயே விழும்படி செய்ய வேண்டும். 'காட்டு', 'கூட்டு', தமிழ் எழுத்து எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதியை எல்லாக் கூடையிலும் முதலிலேயே போட்டு வைக்க வேண்டும். நிமலன் எழுதிய ஒவ்வொரு வரியிலும் 'இது யாருடைய கூடை?' என்று கேட்க வைக்க வேண்டும்.

லீவு நாள் முழுக்க உட்கார்ந்து செய்தாள். அவன் எழுதியதை வரி வரியாக வாசித்தது அன்றுதான். எங்கும் சோம்பேறித்தனம் தெரியவில்லை. அவன் ஒவ்வொரு மூலையையும் பெருக்கி வைத்திருந்தான். அந்தப் பொதுத் தொட்டியை மட்டும் ஏன் இப்படித் திறந்து போட்டான் என்றுதான் பிடிபடவில்லை. உயிரோடு இருந்தால் கழுத்தைப் பிடித்துக் கேட்டிருப்பாள்.

மறுநாள் வகுப்பில் எட்டுப் பேரும் 'கிலோ' போட்டார்கள். எட்டுத் திரையிலும் எட்டு எண்.

யசோதினி கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை.

"என்னாங்க, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குங்க டீச்சர்," என்றாள் பாக்கியலெட்சுமி, எழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில்.

அதற்கடுத்த நாள் ரெங்கசாமி கையில் ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு வந்தார். முகத்தில் வெளிச்சம்.

"சாப்பிடுங்க டீச்சரம்மா! தராசு ஒரு வழியா தேறிருச்சு. நான் கை வைக்கவே இல்ல. தானா சரியாயிருச்சு. எல்லாரும் எடுங்க!"

"வேணாங்க. பல்லு வலி," என்றாள் பாக்கியலெட்சுமி.

"எனக்குந்தாங்க," என்றாள் விதுஷா.

எட்டுப் பேருக்கும் அன்று பல்வலி. பக்கெட்டை ரெங்கசாமியே தின்று முடித்தார்.

சொன்னபடி அம்பலவாணர் வந்தார். வந்ததும் காலைத் தூக்கி அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எட்டுத் திரையையும் சோதித்தார். எட்டு எண். மறுபடி சோதித்தார். மறுபடியும் எட்டு எண்.

"சபாஷ் பிள்ளை! இப்பதான் இது மொழி. நீர் கெட்டிக்காரி. பொதியெல்லாம் தேவையில்லை, இதையே வைச்சிருப்பம். நான் கையெழுத்துப் போடுறன்."

யசோதினிக்கு நெஞ்சு நிறைந்தது. பீலி பிழைத்துக்கொண்டது.

"நிமலனும் பாவம், தெரியாமல் செய்துபோட்டார்," என்று அவர் பேனாவைத் திறந்தார். "நீர் திருத்திப்போட்டீர். இனி முகப்பில இருக்கிற அவற்ற பேரை எடுத்துப்போட்டு உம்மட பேரைப் போடும். ஓ, இன்னொண்டு. உந்த 'வெளங்கல யசோ' எண்டு வாறது வேண்டாம். அது ஒரு கதையே? 'தவறான கட்டளை' எண்டு தரமா ஒண்டு போட்டுவிடும்."

நெஞ்சில் நிறைந்தது அப்படியே வடிந்தது.

யசோதினி எட்டுத் திரையையும் பார்த்தாள். எட்டு எண்கள், ஆளுக்கொரு கூடை, எல்லாம் சரி. இதைச் சரி என்று சொல்ல ஒருவர் பதுளையிலிருந்து வந்திருக்கிறார். இது பிழை இல்லை என்று சொல்ல வேண்டியவன் வரப்போவதில்லை. அவன் வாயை மூடிவைத்துத்தான் இந்தக் கையெழுத்தை வாங்க வேண்டுமாம்.

"சாரு போட்டது இன்னும் எங்கயாச்சும் இருக்குங்களா டீச்சர்?" என்று பாக்கியலெட்சுமி மெல்லக் கேட்டாள்.

"இருக்கு," என்றாள் யசோதினி.

மூலைக்குப் போனாள். ஓடிக்கொண்டிருந்த பீலியை நிறுத்தினாள். பத்திரப்படுத்தி வைத்த பழைய பிரதியை எடுத்து அதன் இடத்தில் வைத்து ஓட்டினாள்.

"என்ன செய்யிறீர்?"

"அவரு செஞ்சதை வைக்கிறேன் சார்."

"பிள்ளை, அது பிழையெண்டு உமக்கே தெரியும்."

"அவருக்கும் தெரியும். அப்பவே நான் சொன்னேன். தெரிஞ்சுதான் வச்சாரு."

"ஏன் வைச்சவர்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா அவருக்குத் தெரியும்."

அம்பலவாணர் பேனாவை மூடினார். "உப்பிடியொரு நியாயத்தை நான் என்ர சேவைக் காலத்தில கேட்டதில்லை. கையெழுத்துப் போடேலாது. கொம்பியூட்டர் எட்டையும் திருப்பி எடுக்க வேண்டிவரும், யோசியும்."

"எடுங்க சார். ஆனா இங்க வேன் வராது. எட்டையும் மெயின் ரோட்லேருந்து இவங்கதான் கொழுந்துச் சாக்குல சுத்தி முதுகுல கொண்டாந்தாங்க."

"அப்ப இவையே கொண்டுவந்து இறக்கட்டும்."

பாக்கியலெட்சுமி எழுந்து நின்றாள். அவளோடு ஏழு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

"நாங்க தூக்கமாட்டோங்க ஐயா."

"ஏன்?"

"பல்லு வலிங்க."

அம்பலவாணர் எட்டு முகங்களையும் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். ரெங்கசாமி, தன்னைத் தூக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், நல்ல தூக்கத்தில் இருப்பவரைப்போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆக்களோட வருவன்."

"வாங்க சார். எல்லாருக்கும் பிளேன்டீ போட்டு வைக்கிறோம்," என்றாள் யசோதினி. "அட்டைக்கு உப்பும் கட்டிக் குடுக்கிறேன், இறங்கும்போது தேவைப்படும்."

உப்பை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் பாக்கியலெட்சுமி தன் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள். எட்டுத் திரையிலும் பதினாறு வந்தது. எட்டுப் பேரும் அதை ஒருதரம் பார்த்தார்கள். விதுஷா விரலால் திரையை மெல்லத் தட்டினாள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே படியேறி அவரவர் மலைக்குப் போனார்கள். பல்வலி போயிருந்தது.

மறுநாள் வகுப்பு நேரத்துக்கு முன்பே யசோதினி காம்பராவில் இருந்தாள். கோபம் இறங்கிய பிறகு வருகிற கணக்கு அவளைத் தின்றது. வாங்கியிருக்க வேண்டிய கையெழுத்தை வாங்கவில்லை. கம்பியூட்டர்கள் இன்றைக்கோ நாளைக்கோ போகும். பெண்கள் படிப்பும் போகும். எதற்காக? ஒரு பிடிவாதத்துக்காக. காரணம் கேட்டவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. செத்துப்போன ஒருவனின் பிழைக்குக் காவல் நின்றிருக்கிறாள்.

கீபோட்டை இழுத்து ஓர் எழுத்தைப் பிழையாக அடித்தாள்.

'வெளங்கல யசோ. இன்னொருக்கா சொல்லு.'

"எனக்குந்தான் வெளங்கல நிமல்," என்றாள் அவள். ஆனாலும் பழையதை மாற்றக் கை போகவில்லை. போகாது என்றும் தெரிந்தது. ஆட்களோடு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே படியில் 'உஸ் உஸ்' என்று சத்தம். எட்டுப் பெண்கள் முகம் கழுவி, பொட்டு வைத்து, வழக்கத்தைவிட அடக்கமாக உள்ளே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தோளில் மடுவத்துத் தராசைச் சுமந்துகொண்டு ரெங்கசாமி வந்தார். அதை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மறுபடி கெட்டுப்போச்சு டீச்சரம்மா, இந்தச் சனியன்! மூணு மலைக் கொழுந்தையும் இன்னைக்கு நானே மாட்டி நானே நிறுத்தேன், ஒருத்தி பாக்கியில்லாம அத்தன பேருக்கும் சரியா பதினாறு கிலோ!"